விசி ஃபண்டில் அனலிஸ்ட் வேலை: நம்ம பக்கத்துப் பையன் போகலாமா?

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம். பொறியியல் முடித்து இரண்டரை வருடமாகச் சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். போன வாரம் பெங்களூரில் ஒரு சிறிய வென்ச்சர் கேபிடல் (விசி) ஃபண்டில் அனலிஸ்டாகச் சேரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. டெக் ஸ்டார்ட்அப்களில் ஆரம்பக் கட்டத்திலேயே பணம் போடுகிற ஃபண்ட். சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் இந்த வேலை மேல் எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

வீட்டில் சொன்னேன். அப்பா ஆறு மா (இரண்டு ஏக்கர்) நிலம் பார்க்கிறார், அதில் பாதி குத்தகை. முழுவதும் கேட்டுவிட்டு, "அடுத்தவன் பணத்த வாங்கி இன்னொருத்தன்கிட்ட குடுக்குற வேலை. வட்டி கிடையாது, அடமானம் கிடையாதுங்குற. போன பணம் வரலேன்னா யாருடா பொறுப்பு?" என்றார். எனக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள். தினமும் என்னதான் வேலை? ஐந்து வருடம் கழித்து நான் எங்கே நிற்பேன்? நம் மாவட்டங்களுக்கு இதனால் ஏதாவது செய்ய முடியுமா?

---

அரசலாறு

தம்பி, அப்பா கேட்டதுதான் முதல் கேள்வி. நான் கும்பகோணத்துக்காரி. 2019-இலிருந்து இதே தொழில். அனலிஸ்டாகச் சேர்ந்து, அசோசியேட்டாகி, இப்போது அதற்கு அடுத்த படியில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் வாரச் சாகுபடி மாதிரி, அதாவது அடுத்தவர் நிலத்தில் உழுது விளைச்சலில் பங்கு வாங்குகிற மாதிரி என்று சொல்லுங்கள், உடனே பிடிபட்டுவிடும். நிலம் உங்களுடையது இல்லை. நிலக்காரர்கள் வேறு, அதாவது ஃபண்டுக்குப் பணம் தருகிறவர்கள். எங்கள் பேச்சில் அவர்கள் எல்பி. பணக்காரக் குடும்பங்கள், பெரிய நிறுவனங்கள், சிறுதொழில் வங்கியான சிட்பி நடத்தும் அரசு நிதி இப்படிப் பலர் அதில் இருப்பார்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2012-இல் கொண்டுவந்த விதிகளின்படி இப்படிப்பட்ட ஃபண்டில் ஒருவர் பொதுவாகக் குறைந்தது 1 கோடி போட வேண்டும். அதனால் சாதாரணக் குடும்பத்தின் சேமிப்பு நேரடியாக இதில் வருவதில்லை. அப்பாவின் கவலையில் பாதிக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

மீதிப் பாதிக்குக் கணக்குப் பார்க்கலாம். 100 கோடி ஃபண்ட் என்று வையுங்கள். நடத்துகிறவர்களுக்கு வழக்கமாக வருடம் 2 சதவீதம் கட்டணம். அதில்தான் வாடகை, நம் சம்பளம் எல்லாம். ஃபண்டின் ஆயுள் எட்டு முதல் பத்து வருடம் என்பதால் அதிலேயே 16 முதல் 20 கோடி போய்விடும். மிச்சம் 80 கோடியை இருபது கம்பெனிகளில் தலைக்கு 4 கோடி போட்டால் ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கிறது என்று வையுங்கள். அடுத்தடுத்த சுற்றில் வேறு ஆட்கள் பணம் போடப் போட நம் பங்கு கரைந்து 12 சதவீதத்துக்கு வந்து நிற்கும்.

நிலக்காரருக்கு 300 கோடியாகத் திருப்பிக் கொடுப்பதுதான் குறி. இருபதில் பத்துப் பன்னிரண்டு போட்ட பணத்தைக்கூடத் தராது. ஐந்தாறு, போட்டதையோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ தரும். ஏதாவது ஒன்று 1,500 கோடிக்கு விலை போனால் நம் 12 சதவீதத்துக்கு 180 கோடி. அந்த ஒன்றுதான் ஃபண்டையே தூக்கி நிறுத்தும். 300 கோடி வந்து 200 கோடி லாபம் என்றால், அதில் 20 சதவீதம், அதாவது 40 கோடி, நடத்துகிறவர்களின் வாரம். கேரி என்பார்கள். நிலக்காரருக்கு வருடம் 8 சதவீதம் போல ஒரு குறைந்தபட்ச லாபம் சேர்ந்த பிறகே பல ஃபண்டுகளில் அதைத் தொட முடியும். அதிலும் பெரும்பங்கு பார்ட்னர்களுக்கு. அனலிஸ்டுக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அதை நினைத்துச் சேராதீர்கள்.

---

குடமுருட்டி

அம்மா, கணக்கு புரிந்தது. மனசுதான் ஒப்பவில்லை. இருபது வயலில் பன்னிரண்டு சாவியாகும் (மணி பிடிக்காமல் பதராகும்) என்று தெரிந்தே நாற்று விடுவீர்களா? அந்தப் பன்னிரண்டிலும் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் இருப்பார்களே.

வாரம் என்ற வார்த்தையை எடுத்ததால் இதையும் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் வாரதாரருக்கும் பண்ணையாளுக்கும் பாதுகாப்பு சும்மா வரவில்லை. எத்தனையோ போராட்டத்துக்குப் பிறகு 1952-இல் தஞ்சாவூருக்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. உங்கள் தொழிலில் நிலக்காரருக்கும் நடத்துகிறவருக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. வயலில் இறங்கி வேலை செய்கிறவனுக்கு என்ன இருக்கிறது?

---

அரசலாறு

ஐயா, நீங்கள் கேட்டதற்கு என் சொந்த அனுபவத்தைத்தான் சொல்ல வேண்டும். இதுவரை எங்கும் எழுதியதில்லை.

2021 ஞாபகம் இருக்கும். அந்த ஒரே வருடத்தில் நம் நாட்டில் 40-க்கும் மேற்பட்ட ஸ்டார்ட்அப்கள் 100 கோடி டாலர் மதிப்பைத் தொட்டன. யாரைப் பார்த்தாலும் அவசரம். நாம் யோசிப்பதற்குள் இன்னொரு ஃபண்ட் கையெழுத்துப் போட்டுவிடும் என்ற பயம். அப்போது சிறு மளிகைக் கடைகளுக்குச் சரக்கைக் கடனில் கொடுக்கும் ஆப் ஒன்று எங்களிடம் வந்தது. ஒன்பது நாளில் முடிவெடுத்தோம். விசாரிக்க வேண்டியது என் பொறுப்பு. கம்பெனி கொடுத்த பட்டியலிலிருந்த நான்கு கடைக்காரர்களிடம் போனில் பேசினேன். நான்கு பேரும் நல்லபடியாகவே சொன்னார்கள். கம்பெனியே பொறுக்கிக் கொடுத்த பெயர்கள், வேறு எப்படிச் சொல்வார்கள்?

கடன் வசூலாகவில்லை. அடுத்த வருடமே காற்று மாறிப் புதுப் பணம் வருவது நின்றுபோனது. பதினான்கு மாதத்தில் மூடினார்கள். மூடுவதற்குச் சில நாள் முன்பு அங்கே போயிருந்தேன். கஸ்டமர் கேரில் ஒரு பையன், பேச்சை வைத்து ஊரைக் கேட்டேன், மயிலாடுதுறை என்றான். "மேடம், அடுத்த ரவுண்டு வந்துடும்ல? தங்கச்சி கல்யாணத்துக்கு லோன் போட்டிருக்கேன்" என்றான். வராது என்று எனக்கு இரண்டு வாரம் முன்பே தெரியும். சொல்ல எனக்கு உரிமை இல்லை. "இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் இறங்கினேன்.

அதற்குப் பிறகு பட்டியல் வாங்குவதை விட்டுவிட்டேன். ஏதாவது கடைக்கான ஆப் என்றால் கும்பகோணம் பெரிய தெருவில் சொல்லாமல் கொள்ளாமல் ஏழெட்டுக் கடை ஏறுவேன். "நல்லா இருக்கா?" என்று கேட்பதில்லை. போனைத் திறந்து கடைசியாக எப்போது ஆர்டர் போட்டீர்கள் என்று காட்டச் சொல்வேன். எத்தனையோ பேர் ஆப் எங்கே இருக்கிறது என்றே தேடுவார்கள். அந்தத் தேடலிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிடும்.

வேலை செய்கிறவர்களுக்கு என்ன என்று கேட்டீர்கள். பங்கில் ஒரு பகுதியை ஊழியர்களுக்கு ஒதுக்குவது வழக்கம். கம்பெனி ஜெயித்தால் அது பெரிய சொத்து. தோற்றால் வெறும் காகிதம். எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்: தோற்கிற கம்பெனியின் ஊழியருக்கு இந்த ஏற்பாட்டில் போதிய பாதுகாப்பு இல்லை. மூடுவது என்று முடிவான அன்றே ஊழியர்களிடம் சொல்ல வேண்டும், மூன்று மாதச் சம்பளம் எடுத்து வைத்த பிறகுதான் மற்ற எதுவும் என்று போர்டு கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் வாதாடுகிறேன். சில முறை கேட்டிருக்கிறார்கள்.

---

ஓடம்போக்கி

திருவாரூரிலிருந்து எழுதுகிறேன். ஜெயித்த கதை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம் திருச்சிக்காரர், தஞ்சாவூர் சண்முகா கல்லூரியில் (இன்றைய சாஸ்த்ரா) படித்தவர். 2010-இல் சென்னையில் தொடக்கம், 2011-இல் ஆக்செல் ஃபண்டிலிருந்து முதல் 10 லட்சம் டாலர், 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியல். அன்று 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அதே வருடம் அவரே டுகெதர் என்று ஒரு ஃபண்ட் தொடங்கிப் புதியவர்களுக்குப் பணம் போடவும் இறங்கினார்.

நேர்மாறாக ஒருவரும் இருக்கிறார். தஞ்சை மாவட்டத்தில் பிறந்த ஸ்ரீதர் வேம்பு. 1996-இல் தொடங்கிய மென்பொருள் கம்பெனிதான் இன்றைய ஜோஹோ. விசி பணத்தைத் தொடாமலே வளர்த்தார். ஆக நல்ல கம்பெனிக்கு விசி கட்டாயம் என்றும் இல்லை.

---

அரசலாறு

சரியாகச் சொன்னீர்கள். அந்த வருடங்களைத் தம்பி கவனிக்க வேண்டும். 2011-இல் போட்ட பணம், 2021-இல் பட்டியல். பத்து வருடம். முதல் வருடம் நீங்கள் "இதில் போடலாம்" என்று எழுதிக் கொடுத்த குறிப்பு சரியா தவறா என்று தெரியும்போது உங்களுக்கு முப்பத்தைந்து வயது ஆகியிருக்கும். மென்பொருளில் இன்று எழுதிய ப்ரோகிராம் ஓடுகிறதா என்று இன்றே தெரியும். இங்கே தெரியாது. தோற்பவை சீக்கிரம் தோற்கும், ஜெயிப்பவை மெதுவாகத்தான் ஜெயிக்கும். அதனால் முதல் நான்கைந்து வருடம் நீங்கள் தொட்டது எல்லாம் தோற்கிற மாதிரியே இருக்கும். இதைத் தாங்க முடியாமல் இரண்டு மூன்று வருடத்தில் கிளம்புகிறவர்கள் அதிகம். ஸ்டார்ட்அப்பிலேயே வேலைக்குப் போவார்கள், எம்பிஏ படிக்கப் போவார்கள். அதில் தவறொன்றும் இல்லை.

தினசரி வேலை: ஆள் பார்ப்பது, கேட்பது, எக்ஸெல், குறிப்பு எழுதுவது. வாரத்துக்குப் பதினைந்து இருபது நிறுவனர்களைப் பார்ப்பீர்கள். வருடம் முழுக்கப் பார்த்தவற்றில் ஃபண்ட் பணம் போடுவது நான்கைந்தில். அப்படியானால் உங்கள் வேலையின் பெரும்பகுதி என்ன? "முடியாது" என்று சொல்வது. அதை ஒழுங்காகச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

---

முள்ளியாறு

இந்தக் கடைசி வரிக்காகத்தான் உறுப்பினராகச் சேர்ந்து எழுதுகிறேன்.

திருத்துறைப்பூண்டி பக்கம். நெல் காயவைக்கும் இயந்திரம் செய்கிறேன். டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம், உமியில் எரியும். குறுவை அறுவடையும் அடைமழையும் ஒன்றாக வரும் என்பது நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் கேட்பார்கள். மிஷினில் அறுத்த நெல் 22, 24 என்று காட்டும். படுதா போட்டு மூடி, ரோட்டில் கொட்டி, திரும்ப மூடி, ராத்திரி குவியல் பக்கத்திலேயே படுத்துக்கிடக்கிற ஜனம். முளைவிட்ட நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் அந்த வயிற்றெரிச்சல்.

31 முதலீட்டாளர்களுக்கு எழுதினேன். ஆறு பேர் பதில் போட்டார்கள். அதில் ஒரு ஃபண்டின் அனலிஸ்ட் இரண்டு முறை மணிக்கணக்கில் பேசினார். பேங்க் ஸ்டேட்மெண்ட், வரைபடம், ஆர்டர் விவரம் எல்லாம் கேட்டு வாங்கினார். "பார்ட்னர்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றார். அத்தோடு சரி. ஐந்து மாதம் போனும் இல்லை, மெயிலும் இல்லை. அந்த நம்பிக்கையில் பேங்க் கடனுக்கு எழுதிப் போடாமல் விட்டேன். ஒரு குறுவை போனது. பட்டறையில் இருந்த இரண்டு வெல்டர்களில் ஒருவர் திருப்பூருக்குப் போய்விட்டார்.

தண்ணீர் வராது என்று முன்னாடியே சொன்னால் கடைமடைக்காரன் போர் மோட்டாருக்கு வழி பார்ப்பான், இல்லை உளுந்து விதைப்பான். வரும் வரும் என்று சொல்லி நாற்றைக் காயவிட்டால் அவன் என்ன செய்வான்? வெண்ணாற்றங்கரைத் தம்பி, வேலைக்குப் போங்கள். யாருக்கும் பதில் சொல்லாமல் மட்டும் இருக்காதீர்கள்.

---

கொள்ளிடக்கரை

முள்ளியாறு அவர்களுக்கு. நான் வங்கியில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன், பெரும்பகுதி கடன் பிரிவில். உங்கள் தொழிலுக்கு விசி பணம் பொருந்தாது என்பது என் கருத்து. இயந்திரம் நன்றாக ஓடி ஏழெட்டு வருடத்தில் கம்பெனிக்கு 60 கோடி மதிப்பு வந்தால் டெல்டாவுக்கே பெருமை. ஆனால் அம்மா மேலே போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள். 12 சதவீதத்துக்கு 7 கோடி சில்லறைதான். 300 கோடி தேடுகிற ஃபண்டுக்கு அது போதாது. உங்களிடம் குறை இல்லை, அந்தப் பணத்தின் பசி வேறு.

உங்களுக்கு வேண்டியது கடனும் மானியமும். வேளாண் உட்கட்டமைப்பு நிதி என்று 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்தது. 2 கோடி வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை, அதிகபட்சம் ஏழு வருடம். நீங்கள் விற்கும் இயந்திரத்தை வாங்குகிற உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், கூட்டுறவுச் சங்கம் இவர்கள் அதில் கடன் வாங்க முடியும். ஒருவர் ஒருவராக விவசாயியிடம் விற்பதைவிட அவர்களிடம் போங்கள். தஞ்சாவூர் புதுக்கோட்டை ரோட்டில் இருக்கும் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இயந்திரத்தைக் காட்டிச் சோதனை அறிக்கை ஒன்று வாங்க முடியுமா என்று பாருங்கள். அறிக்கை கையில் இருந்தால் வங்கி மேலாளர் பேசும் தோரணையே மாறும். விண்ணப்பம் எழுதத் துணை வேண்டுமானால் தனிமடல் போடுங்கள். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

---

குடமுருட்டி

நல்லது ஐயா. இழைக்கு இப்போதுதான் உயிர் வந்தது.

---

வெண்ணாற்றங்கரை

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை.

வேலையில் சேர்ந்துவிட்டேன். சேரும் முன்பு அரசலாறு அக்கா சொன்னபடி அப்பாவிடம் வாரக் கணக்கை விளக்கினேன். "வாரம்னா சரி. வாரக்காரன் ஏசி ரூம்ல ஒக்காந்துக்கிட்டு வயல் பாக்க முடியாதுடா" என்றார்.

முதல் மூன்று மாதம் மூச்சு முட்டியது. மீட்டிங்கில் எல்லோரும் இங்கிலீஷில் சரசரவென்று பேசும்போது எனக்குத் தோன்றியதைச் சொல்வதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அப்புறம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். எழுதினால் என்னால் நிதானமாக, சரியாகச் சொல்ல முடிகிறது. இப்போது பார்ட்னர் மீட்டிங்குக்கு முன்பு என் குறிப்பை எடுத்து வைக்கச் சொல்கிறார்.

போன மாதம் லீவில் வந்தபோது முள்ளியாறு அண்ணனைத் தேடிப் போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கொள்முதல் நிலையத்துக்குப் போனோம். ராத்திரி பெய்த மழை, ரோடு முழுக்க நெல். அண்ணன் இயந்திரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. குவியலில் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்தார், ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தார், "இருபதுக்கு மேல" என்றார். மீட்டரில் வைத்தார்கள், 21.4. அங்கே நின்ற ஒரு அம்மா நாற்பது கிலோ மூட்டை எழுபத்தைந்து வைத்திருந்தார்கள். நான்கு நாளாகக் காத்திருப்பதாகச் சொன்னார்கள். "மிஷின் வாடகைக்கு வந்தா மூட்டைக்கு எவ்வளவு குடுப்பீங்க?" என்று கேட்டேன். யோசித்து ஒரு தொகை சொல்லிவிட்டு, "ஆனா மழை பேஞ்சாதான தம்பி, வெயிலடிச்சா சூரியன் சும்மாதான காய வைக்குது" என்றார்கள். நான் எக்ஸெல்லில் வருடத்துக்கு 90 நாள் இயந்திரம் ஓடும் என்று போட்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தையில் அது முப்பதுக்கு இறங்கியது.

பெங்களூர் போய்ப் பார்ட்னரிடம் பேசினேன். எங்கள் ஃபண்டுக்குப் பொருந்தாது என்றே முடிவு. அண்ணனுக்கு அன்று சாயங்காலமே போன் செய்தேன். மெயில் எழுத மனசு வரவில்லை. எங்களால் முடியாது, காரணம் இது, முப்பது நாள்தான் ஓடும் என்பதை நீங்களும் உங்கள் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "முப்பது நாளா? அப்ப மத்த நாளைக்கு உளுந்து, எள்ளு, நிலக்கடலை காய வைக்க டிரேய மாத்தணும்" என்றார்.

---

முள்ளியாறு

தம்பி சொன்னது அத்தனையும் நடந்ததுதான். டிரே மாற்றிவிட்டேன். உளுந்துக்குச் சூட்டைக் குறைக்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் பருப்பு வெடிக்கிறது. கொள்ளிடக்கரை ஐயா பட்டறைக்கே வந்து இரண்டு நாள் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். சோதனைக்கு இயந்திரத்தை அனுப்பியிருக்கிறேன். அறிக்கை வந்ததும் வங்கிக்கு.

மன்னார்குடி, கோட்டூர் பக்கம் உளுந்து போடுகிற உழவர் நிறுவனம் யாருக்காவது தெரிந்தால் தனிமடலில் எண் அனுப்புங்கள். தை அறுவடைக்குள் ஒரு இயந்திரத்தை அங்கே நிறுத்தி ஓட்டிக் காட்ட வேண்டும்.

---

குடமுருட்டி

கோட்டூர்ப் பக்கம் என் மச்சான் ஒரு நிறுவனத்தில் இயக்குநராக இருக்கிறார். எண் அனுப்பிவிட்டேன். காலையில் பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதுவரை வயலில் இருப்பார்.